கீரையை ஆய்வது யார்?

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கீரையும் நிறையச் சாப்பிடச் சொன்னார். மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது. அதை நிறுத்திவிட்டுக் கீரையிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கும் நாலு கட்டில் இரண்டு ஃபிரிட்ஜிலேயே அழுகிப்போகிறது. வீடு வந்து சேரவே ஏழு மணி ஆகிவிடும். ராத்திரியில் கீரை சமைத்தால் மாமியார் ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை ஆகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் கீரையைத் தொடவே கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கணவரும் பிள்ளைகளும் மசியல் என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல் வேலையாக மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடருங்கள். வயிற்றைப் பிரட்டுவதற்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லலாம், வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம், ஒன்று விட்டு ஒரு நாள் கொடுக்கலாம். எது உங்களுக்குச் சரி என்று அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 9.8 என்பது கீரையால் மட்டும் நிரப்பக்கூடிய பள்ளம் இல்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். மாதவிடாய் நிற்காத ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. முருங்கைக்கீரை 100 கிராமில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம். அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான், ஏனென்றால் செடியிலிருந்து வரும் இரும்பை ஈரலில் இருப்பதைப் போல உடம்பு சுலபமாக உறிஞ்சாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அவர்களில் எத்தனையோ பேர் கீரை சாப்பிடுகிறவர்கள்தான்.

அப்படியானால் கீரை எதற்கு? ஃபோலேட், வைட்டமின் சி, கண்ணுக்கான பீட்டா கரோட்டின், நார்ச்சத்து எல்லாம் ஒரே கட்டில் வருகின்றன. முருங்கைக்கீரை 100 கிராமில் உள்ள கால்சியம் ஒரு டம்ளர் பாலில் இருப்பதற்குக் குறைந்ததல்ல. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் கீரை என்று சொல்கிறது. தினமும் முடியாவிட்டால் வாரம் நாலு நாள் சாப்பிடுங்கள், அதுவே நல்ல தொடக்கம்.

இனி அழுகிப்போகும் இரண்டு கட்டுக்கு வருவோம். என்னிடம் வரும் பெண்களில் கீரை நல்லது என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. அதை உட்கார்ந்து ஆய்வதற்குத்தான் நேரமில்லை. நாலு பேர் சாப்பிடுவதை ஒருத்தர் மட்டும் ஆய்ந்தால் இரண்டாவது வாரமே அலுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்க்கிற நேரத்தில் கணவர் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் ஆளுக்கொரு கட்டையும் ஒரு முறத்தையும் வைத்துவிடுங்கள். ஊட்டச்சத்து ஆலோசனையில் இதெல்லாம் வருமா என்று கேட்காதீர்கள், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான ஆலோசனை.

ஆய்கிற வேலை குறைவான கீரையாகப் பார்த்தும் வாங்கலாம். இளசான சிறுகீரைக்கும் அரைக்கீரைக்கும் வேரை நறுக்கிவிட்டு, பழுத்த இலையையும் புல்லையும் பொறுக்கி எடுத்தால் போதும், தண்டோடு நறுக்கலாம். முளைக்கீரைத் தண்டு முற்றியிருந்தால் அது சாம்பாருக்கு. முருங்கைக்கீரையை ராத்திரி ஒரு பருத்தித் துணியில் கொத்தோடு இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் துணியோடு உதறினால் பெரும்பாலான இலைகள் தானாக உதிர்ந்திருக்கும், மீதிக் காம்பைப் பொறுக்க ஐந்து நிமிடம். செய்தித்தாளில் சுற்றுவதும் வழக்கம்தான், ஆனால் அச்சு மை உணவில் ஒட்ட வேண்டாம், துணியே நல்லது.

கழுவுவதிலும் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை முக்கி அலசி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரைமேலேயே விழும். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நாலு தடவை அலசிவிட்டு, பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் கழுவாமல், ஈரம் இல்லாமல், துணியில் சுற்றி வையுங்கள். உங்கள் கட்டுகள் அழுகுவதற்குப் பாதிக் காரணம் ஈரம்தான். நாலு கட்டையும் ஒரே நாளில் வாங்காமல், வேலை விட்டு வரும் வழியில் புதன்கிழமை இரண்டு வாங்கினால் மீதிக் காரணமும் தீரும்.

மசியல் பிடிக்காத வீட்டில் மசியலுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. அடை மாவில் இரண்டு கை முருங்கைக்கீரை, தோசை மாவில் முடக்கத்தான், சப்பாத்தி மாவில் வெந்தயக்கீரை சேர்க்கலாம். மணத்தக்காளியைத் தேங்காய்ப்பால் விட்டுச் சாறாக வைத்தால் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொள்ளலாம். காரசாரமாகக் கேட்பவர்களுக்குப் புளிச்சக்கீரைத் துவையல் இருக்கிறது. எதுவானாலும் ஒரு ஸ்பூன் எண்ணெயோ கொஞ்சம் தேங்காயோ சேரட்டும், பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். பச்சை நிறம் மங்காமலிருக்க மூடாமல் வேக வையுங்கள். சமையல் சோடா போடவே வேண்டாம், நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் போய்விடும். அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். வைட்டமின் சி சேர்ந்தால் கீரையின் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். துவாதசியன்று அகத்திக்கீரையோடு நெல்லிக்காய்ப் பச்சடி வைக்கிற வீடுகள் இதை எப்போதோ பிடித்துவிட்டன. இதற்கு நேர் எதிரி சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காபியும்தான். குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ராத்திரி கீரை கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆய்ந்தால் புழு பூச்சி கண்ணுக்குத் தப்பும் என்று அந்தக் காலத்தில் பயந்திருக்கலாம். வாயுத் தொல்லை உள்ளவர்களுக்கு மட்டும் படுக்கப் போகும் நேரத்தில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதற்காக மாமியாரோடு வாதாட வேண்டாம், காலை டிபனிலும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியிலும் கீரையைச் சேர்த்துவிடுங்கள்.

அவர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வார்ஃபரின், அசெனோகௌமரால் போன்ற மாத்திரைகள் வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்பவை. கீரையில் அந்த வைட்டமின் அதிகம். அதனால் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் மருந்து வேகம் குறையும், சாப்பிட்டுக்கொண்டிருந்ததைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் கசியும் அபாயம் கூடும். அடியோடு விலக்க வேண்டும் என்பதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமலிருப்பதே முக்கியம். இப்போது கீரையே இல்லாமல் மருந்தின் அளவு நிலைப்பட்டிருந்தால், இதய மருத்துவரிடம் கேட்டு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையோடுதான் தொடங்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் பாலக் கீரையைக் குறைத்து, மற்றக் கீரைகளையும் வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுக் கொடுங்கள். சிறுநீரகமே பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியக் கணக்கு தனி, மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

கடைகளில் கண்ணாடிக் குப்பியில் விற்கும் முருங்கைப்பொடிக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்காதீர்கள். உங்கள் தெருவில் ஒரு மரமாவது இருக்கும்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் மருத்துவர் சொன்ன தேதியில் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் கீரையின் மேல் பழி போட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், வயிற்றுப்புண், குடல்புழு என்று ரத்தம் போகிற வழிகள் பல. அதிகப் போக்கு இருந்தால் இப்போதே மகளிர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.