போகிப் புகையும் அறுபது நாள் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

காற்று மாசும் சொரியாசிஸும் பற்றி நீ எழுதிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். மகள் எழுந்திருப்பதற்குள் பாயில் உதிர்ந்து கிடக்கும் செதிலைக் கூட்டி அள்ளிவிடும் அந்த எண்ணூர் வெல்டிங் தொழிலாளியை எங்கே பிடித்தாய்? இந்த நோயோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று நான் வகுப்பில் மணிக்கணக்காகச் சொன்னதை நீ ஒரு வரியில் சொல்லிவிட்டாய். அந்த வரிக்கு உன்னை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அடுத்த பத்தியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. போகியன்று புகை, பொங்கலன்று அவருக்குப் படை கிளம்பியது என்கிறாய். இத்தாலியின் வெரோனா நகரில் 957 நோயாளிகளை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு உனக்குத் தெரியாததல்ல. நோய் சீறிய நேரத்தையும் அடங்கியிருந்த நேரத்தையும் அதே ஆளிடம் ஒப்பிட்டார்கள். பரம்பரை மாறவில்லை, காற்றுதான் மாறியிருந்தது. அதிலும் அவர்கள் பார்த்தது முந்தைய நாள் காற்றை அல்ல. முந்தைய 60 நாள் காற்றை. பொங்கலுக்கு வந்த படைக்குக் காரணம் தேடுகிறவன் கார்த்திகை பிறந்ததிலிருந்தே தேட வேண்டாமா? இடையில் பனிக்குத் தோல் வறண்டதா, தொண்டைப்புண் வந்ததா, மாத்திரை விட்டுப்போனதா, பீடி கூடியதா? இதில் ஒன்றைக்கூட நீ அந்தத் தொழிலாளியிடம் கேட்டதாகத் தெரியவில்லை. நோயாளியிடம் தேதி கேட்காமல் காரணம் எழுதக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வதை இன்னொரு முறையும் சொல்கிறேன்.

நீ தொடாமல் விட்டது இதைவிடப் பெரிய விஷயம். நான் பயிற்சி மருத்துவராக இருந்த வார்டில் சொரியாசிஸுக்குப் பூசும் தார்க் களிம்பின் நெடி படிக்கட்டிலேயே மூக்கில் ஏறும். வேட்டி, தலையணை உறை, எங்கள் விரல் நுனி எல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். மேயோ கிளினிக்கின் கோக்கர்மேன் 1925இல் சொன்ன முறை: நிலக்கரித் தாரைப் பூசி, மேலே புற ஊதாக் கதிர். எங்களுக்கு மொட்டை மாடி வெயில்தான் கதிர். சில வாரங்களில் முழங்கையில் வெள்ளிச் செதிலோடு தடித்திருந்த இடம் தட்டையாகி, வெறும் நிறமாற்றம் மட்டும் நிற்கும். நோயாளிகள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

யோசித்துப் பார். நிலக்கரிப் புகையிலும் தாரிலும் பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. இரண்டும் தோல் செல்லில் உள்ள ஏ.எச்.ஆர். என்ற ஒரே ஏற்பியைத்தான் தட்டுகின்றன. அமெரிக்காவில் 2022இல் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்ற டாபினராஃப் களிம்பும் அதே ஏற்பியைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. பிறகு ஏன் ஒன்று நோயைக் கிளப்ப, மற்றொன்று தணிக்கிறது? எந்தச் சேர்மம், எவ்வளவு காலம், கூடவே உலோகத் துகள்கள் சேர்ந்து செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றனவா என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகிறது. இந்தக் கேள்வி இல்லாமல் மாசையும் தோலையும் பற்றி எழுதினால் "புகை கெட்டது" என்பதற்கு மேல் வாசகனுக்கு என்ன கிடைக்கும்?

கடைசியாக, அந்தப் பெட்டிச் செய்தி. "மாசற்ற இடத்துக்குக் குடிபெயருங்கள்" என்று போட்டிருக்கிறாய். பட்டறையை விட்டுவிட்டு அந்த மனுஷன் எங்கே போவார்? அந்த வரியை எடுத்துவிடு. வேலை முடிந்ததும் மென்மையான சோப்பால் புகையும் தூசும் போகக் குளிக்கச் சொல். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவச் சொல். பீடியை விடச் சொல். காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடு. திருத்தியதை அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்