60-க்கும் 240-க்கும் நடுவே



தம்பி, சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்கென்று நீ செய்த மரத்தட்டைப் பார்த்தேன். ஓர் ஆணிகூட அடிக்காமல் நான்கு மூலையையும் பல் வெட்டிக் கோத்திருக்கிறாய். நகம் நுழைய இடமில்லை. அற்புதமான கை உனக்கு. அதனால்தான் தட்டின் உள்பரப்பு அவ்வளவு எரிச்சலூட்டியது. வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தால் நீளநீளமாகக் கீறல். கீறல்களுக்கு இடையில் மட்டும் மினுக்கம். சாண்டரில் 60-ஆம் நம்பர் உப்புத்தாள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு நேரே 240-ஐ மாட்டியிருக்கிறாய்.

முதல் பெல்ட் மரத்தைச் சமப்படுத்தும். அதற்குப் பின் வரும் ஒவ்வொன்றுக்கும் முன்னது போட்ட கீறலை அழிப்பதுதான் வேலை. 60-இல் ஒட்டியிருக்கும் துகள் ஏறக்குறைய 0.27 மில்லிமீட்டர், 240-இல் 0.06கூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகள் 60 போட்ட பள்ளத்தின் அடிவரை மரத்தை எடுக்கவேண்டுமானால் நாள் முழுக்க ஓட்டவேண்டும். அதற்குள் பெல்ட் மரத்தூளால் அடைத்துக்கொண்டு சூடேறும், மரமும் கருகும். 80, 120, 180 என்று போனால் துகள் 0.20, 0.125, 0.08 என ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. எந்த பெல்ட்டுக்கும் சக்திக்கு மீறிய வேலை இல்லை. இழைப்புளி போட்ட பலகைக்கு 60 தேவையே இல்லை. இந்தத் தட்டுக்கு 240-உம் வேண்டாம், 180-இல் நிறுத்தலாம். கூடுதல் பெல்ட்டுக்குக் காசு எங்கே என்பாய். தாவிப்போய் நீ பாழாக்கும் 240-இன் விலையையும் கணக்கில் சேர்த்துப் பார். தேய்ந்த 80-ஐயே 120-க்குப் பதில் ஓட்டலாம் என்பது பட்டறைகளில் ஊறிப்போன நம்பிக்கை. மழுங்கிய துகள் மரத்தைத் தேய்த்துச் சூடாக்கும். மழுங்காமல் மிஞ்சிய ஒன்றிரண்டு, பழைய ஆழத்திலேயே கீறும்.

ஆலைத் தட்டுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நீ கேட்டால், என் கோபமே அங்கேதான். வீட்டு அலமாரியில் கீறல் அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். இந்தத் தட்டில் அந்தப் பள்ளத்துக்குள் மருந்து போய் உட்காரும், துணியால் துடைத்தாலும் வராது. பெல்ட்டிலிருந்து உதிர்ந்த துகளும் அதே பள்ளத்தில்தான் தங்கும். தீப்பெட்டிப் பக்கப்பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித் தூள் ஏன் சேர்க்கிறார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உரசல் கூடினால் தீ எளிதில் பிடிக்கும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அந்த உரசலை நம்பி நிற்பது. பெல்ட்டில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடோ கண்ணாடியைவிடக் கடினமானது. தீப்பெட்டியில் வேண்டும் என்று சேர்க்கிற குணத்தை மருந்தறைத் தட்டில் நீ தெரியாமல் சேர்த்துவிடுகிறாய். இரும்புக் கருவி கூடாது என்றுதானே அங்கே மரத்தைக் கேட்கிறார்கள்? வார்னிஷ் கீறலை மூடிவிடும் என்பதும் சரியில்லை. காயக்காய அது பள்ளத்துக்குள் இறங்கும். புழக்கத்தில் தேய்ந்ததும் பள்ளம் மறுபடி வாய் திறக்கும்.

இந்தத் தட்டுகளுக்கென்று மூன்று பெல்ட்டுகளைத் தனியாக எடுத்துவை. இரும்போ அலுமினியமோ தேய்த்த பெல்ட் அவற்றோடு சேரக் கூடாது. அலுமினியத் தூள் மத்தாப்பில் எரிபொருள் என்பது உனக்குத் தெரியும். சாண்டரை ஆலை வளாகத்துக்குள் கொண்டுபோகாதே, தேய்ப்பதெல்லாம் உன் பட்டறையில் நடக்கட்டும். ஒரு பெல்ட் முடிந்து அடுத்ததை மாட்டும் முன் தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி சாய்வெளிச்சத்தில் பார். முந்தைய கீறல் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நம்பருக்குப் போகாதே. இப்போது செய்து வைத்திருக்கும் தட்டை ஆலைக்கு அனுப்பாமல் 80-இலிருந்து மறுபடி தொடங்கு.