செப்சிஸ்: மருந்து முந்தட்டும், சேலைன் அளவோடு இருக்கட்டும்

மண்வெட்டி பட்ட காலில் சீழ் பிடிக்கலாம். வயற் சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கிருமியை எதிர்க்க எழும் உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கும் நிலையே ‘செப்சிஸ்’. இதனால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தால் அது அதிர்ச்சி நிலை.

அறிகுறிகள்

1. நடுக்கத்துடன் காய்ச்சல், அல்லது உடல் வழமைக்கு மாறாகக் குளிர்தல்
2. வேகமான மூச்சு
3. பேச்சில் தடுமாற்றம், எழுப்ப முடியாத நித்திரை
4. சிறுநீர் மிகக் குறைதல்
5. கைகால் சில்லிடுதல்

காயமோ காய்ச்சலோ உள்ளவரிடம் இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்?

கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தம் வீழ்ந்து ஒரு மணித்தியாலத்துள் தகுந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றவர்களில் 100 க்கு ஏறக்குறைய 80 பேர் பிழைத்தனர். அதன்பின் முதல் ஆறு மணித்தியாலங்களில், தாமதமான ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைப்போர் தொகை சராசரியாக 100 க்கு 7 அல்லது 8 பேர் வீதம் குறைந்தது.

சேலைன் பற்றி

“ஒரு போத்தல் சேலைன் ஏற்றினால் சுகம் வரும்” என்று எம்மில் பலர் நம்புகிறோம். உகண்டா, கென்யா, தன்சானியா நாடுகளில் கடுங்காய்ச்சலுற்று இரத்தவோட்டம் குன்றிய 3,141 பிள்ளைகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2011 இல் வெளியான முடிவின்படி, திரவம் விரைவாகவும் அதிகமாகவும் ஏற்றப்பட்டவர்களில் 48 மணித்தியாலங்களுள் 100 க்கு 10 க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் இறந்தவர்கள் 100 க்கு ஏறக்குறைய 7 பேர்.

ஆகவே சேலைன் வேண்டாம் என்பதல்ல. அளவை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நாம் வற்புறுத்தக் கூடாது. அழுத்தம் உயராவிட்டால் அதனை உயர்த்தும் மருந்தும் உண்டு. வயிற்றோட்டத்தால் நீரிழந்த பிள்ளைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஜீவனி கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுவோம். சாணமோ சாம்பலோ பூச வேண்டாம். வயற் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்வோம். குடித்த குளிசைகளின் உறையையும் கொண்டு செல்வோம்.

கலந்துரையாட

எமது குடியிருப்பில் நள்ளிரவில் ஒருவருக்கு இந்நிலை வந்தால் யாருடைய வாகனம் புறப்படும்? எரிபொருளுக்குப் பணம் எங்கே இருக்கிறது? அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானித்து எழுதி வையுங்கள்.