வியாபாரம் ரெட்டிப்பாச்சு, லாபம் பாதியாச்சு: சோழவந்தான் வெற்றிலை சொல்லித் தரும் கணக்கு



நீங்க மாசச் சம்பளத்துல இருக்கீங்க. ஊர்ல குடும்பத் தொழில் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. ஒருநாள் மாமா போன் பண்றார். "ஆர்டர் நிறைய வருதுப்பா. உன் சம்பளத்தைக் காட்டி ஒரு லோன் எடுத்துக் கொடு, தொழிலை ரெட்டிப்பாக்கிடலாம்."

கொடுக்கலாமா, வேண்டாமா? இது பாசத்தை வச்சு முடிவு பண்ற விஷயம் இல்ல. ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்தா அரை மணி நேரத்துல பதில் கிடைச்சிடும். இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

ஏன் வெற்றிலை?

மதுரை பக்கம் வைகைக் கரையில இருக்கிற சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். 2023ல சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. தொழில் வளர்ச்சியைப் புரிஞ்சுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஏன்னா, இலை சீக்கிரம் வாடிடும், ஸ்டாக் வைக்க முடியாது. முகூர்த்த மாசத்துல தேவை ஏறும், மார்கழியில கல்யாண ஆர்டர் இருக்காது. வெளியூர் வியாபாரிக்கு அனுப்பினா காசு கைக்கு வர நாளாகும்.

கீழே இருக்கிற எண்கள் எல்லாம் கணக்குப் புரியுறதுக்காக நான் எடுத்துக்கிட்ட உதாரணம். மார்க்கெட் விலைன்னு நினைச்சுக்காதீங்க.

இப்போ இருக்கிற நிலைமை

மாமா தினமும் 10,000 ரூபாய்க்கு இலை வாங்குறார். கூலி, பேக்கிங், லாரி வாடகை 1,000 ரூபாய். 12,000 ரூபாய்க்கு விக்கிறார். ஒரு நாளைக்கு லாபம் 1,000. மாசம் 30,000.

கொடிக்கால்காரருக்கு அன்னைக்கே காசு கொடுத்தாகணும். வெளியூர் வியாபாரி 30 நாள் கழிச்சுத்தான் கொடுப்பார். அப்போ எந்த நேரத்துல பார்த்தாலும் 11,000 × 30 = 3,30,000 ரூபாய் வெளியில நிக்கும். இதுதான் நடைமுறை மூலதனம். லாப நஷ்டக் கணக்குல இது தெரியாது, ஆனா தொழிலை ஓட்டுறது இந்தப் பணம்தான்.

ரெட்டிப்பாக்கினா என்ன ஆகும்?

"வியாபாரம் ரெட்டிப்பு, லாபம் மாசம் 60,000"ன்னுதான் எல்லாரும் நினைப்போம். ஆனா ரெண்டு விஷயம் மாறும்.

முதல்ல, அதிகமா விக்கணும்னா புது வியாபாரிகளைப் பிடிக்கணும். புது ஆளு 45 நாள் கடன் கேட்பார். அவருக்குக் கொடுத்ததைப் பார்த்துப் பழைய ஆளும் அதையே கேட்பார். அப்போ வெளியில நிக்கிற பணம் 22,000 × 45 = 9,90,000. ஏற்கனவே இருக்கிற 3,30,000 போக, புதுசா வேணும் 6,60,000 ரூபாய்.

ரெண்டாவது, மாமா ஒருத்தரே பிரிச்சுப் பார்த்து அடுக்கினவரைக்கும் கழிவு கம்மி. சரக்கு ரெட்டிப்பாகி, புது ஆட்கள் அடுக்கும்போது 5 சதவீதம் வாடிப் போகுதுன்னு வச்சுக்கோங்க. 24,000 விற்பனையில 1,200 போச்சு. 2,000 இருக்க வேண்டிய லாபம் 800 ஆயிடும். வியாபாரம் ரெண்டு மடங்கு, லாபமோ முன்னாடி வந்த 1,000ஐ விடக் கம்மி!

இப்போ உங்க பேர்ல எடுத்த 6,60,000 பர்சனல் லோனுக்கு 14 சதவீத வட்டின்னு வச்சுக்குவோம். மாசம் வட்டி மட்டும் 7,700. மாச லாபம் 24,000ல அது போனா மிச்சம் 16,300. முன்னாடி 30,000 வந்த இடம் இது. உழைப்பு ரெட்டிப்பு, வருமானம் கிட்டத்தட்ட பாதி. இ.எம்.ஐ. மட்டும் உங்க சம்பளத்துல போய்க்கிட்டே இருக்கும்.

5 சதவீதக் கழிவும், 15 நாள் கூடுதல் கடனும் பேச்சுல சின்ன விஷயமாத்தான் தெரியும். ஆனா அந்த ரெண்டும் சேர்ந்துதான் ஓடிக்கிட்டிருந்த தொழிலை மூச்சுத் திணற வைக்குது.

அப்போ எப்படி வளர்றது? வரிசை முக்கியம்.

1. முதல்ல நாளைக் குறைங்க. "ஏழு நாள்ல காசு கொடுத்தா 1 சதவீதம் தள்ளுபடி"ன்னு சொல்லிப் பாருங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டா, இன்னைக்கு இருக்கிற அளவுக்குத் தேவைப்படும் பணம் 11,000 × 7 = 77,000 மட்டும். வியாபாரத்தை ரெட்டிப்பாக்கினாலும் 1,54,000தான். கையில ஏற்கனவே 3,30,000 இருக்கு. லோனே வேண்டாம்! தள்ளுபடிக்கு ஒரு நாளைக்கு 240 போகும். கழிவு ஏறாமப் பார்த்துக்கிட்டா மாச லாபம் 52,800. பாதி வியாபாரிங்க ஒத்துக்கிட்டாக்கூட பெரிய விஷயம்தான்.

இங்க ஒரு சட்ட விஷயம். உத்யம் பதிவு பண்ணின சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தர்றவருக்கும், வாங்கினவர் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு 2006ஆம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்லுது. ஆனா வாங்கி விக்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மாமா மாதிரி ஆட்கள் பேசித்தான் நாளைக் குறைக்கணும்.

2. அடுத்து விலையைக் கூட்டப் பாருங்க. அதே 10,000 ரூபாய் இலையைத் தரம் பிரிச்சு, நல்லா பேக் பண்ணி, கல்யாண கான்ட்ராக்டருக்கு நேரடியா 10 சதவீதம் கூடுதலா வித்தா விற்பனை 13,200. செலவு ஏறாதுன்னு வச்சா லாபம் 2,200. ஒரு இலைகூட அதிகமா வாங்காம லாபம் ரெண்டு மடங்குக்கு மேல! புவிசார் குறியீடு உதவுறது இந்த இடத்துலதான். ஆனா குறியீடு கிடைச்சதாலயே விலை ஏறிடாது. அந்தப் பேரைப் போட்டு விக்க அங்கீகரிக்கப்பட்ட பயனாளராப் பதிவு பண்ணணும், தரமும் ஒரே மாதிரி இருக்கணும்.

3. வேலையை முறையாக்குங்க. மாமா ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா தொழில் நிக்குதுன்னா, அது இன்னும் பெருசாக்குற நிலைக்கு வரல. இதுக்கு நம்ம மதுரையிலயே உலகத்துக்குத் தெரிஞ்ச உதாரணம் இருக்கு. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, 1976ல வெறும் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். ஒரு ஆபரேஷன் முடியும்போது பக்கத்து மேசையில அடுத்த நோயாளி தயாரா இருப்பார். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வார், மத்ததைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பார்த்துக்குவாங்க. மதுரையில வேலை முறை பழகின பிறகு, 1985ல தேனிக்குப் போனாங்க. வேலை முறையை எழுதி வைங்க, இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுங்க, அப்புறம் கிளையைப் பத்தி யோசிங்க.

4. கடைசியாத்தான் கடன். அப்பவும் பணம் வேணும்னா, தொழில் பேர்ல வாங்குங்க. நடைமுறை மூலதனத்துக்குப் பேங்க்ல கேஷ் கிரெடிட் இருக்கு. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. முத்ரா திட்டத்துல தருண் பிரிவுல 10 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமக் கிடைக்கும். உங்க சம்பளச் சீட்டைக் காட்டி எடுக்கிற பர்சனல் லோன் இதுக்கான கருவி இல்ல. சீசன் இல்லாத மாசத்துலயும் இ.எம்.ஐ. வந்து நிக்கும்.

மாமாகிட்ட கேக்க வேண்டிய நாலு கேள்வி

• செலவு, கழிவு எல்லாம் போக 100 ரூபாய் விற்பனையில எவ்வளவு நிக்குது?
• சரக்கு போய் எத்தனை நாள்ல காசு வருது? வாயால வேண்டாம், நோட்டைப் பாருங்க.
• உங்க உழைப்புக்கு மாசம் 20,000 சம்பளம் போட்டா, அப்புறம் லாபம் எவ்வளவு? (30,000 லாபம்னு நினைச்சது 10,000தான்னு இங்க தெரியவரும்.)
• நீங்க ஒரு வாரம் வரலைன்னா தொழில் ஓடுமா?

நாலுக்கும் தெளிவான பதில் வந்தா தாராளமா உதவுங்க. பதில் வரலைன்னா, "முடியாது"ன்னு சொல்ல வேண்டாம். "மாமா, ஞாயிற்றுக்கிழமை வர்றேன், நோட்டை எடுத்து வைங்க, சேர்ந்து பார்ப்போம்"னு சொல்லுங்க. லோனைவிட அந்த ஒரு நாள் உழைப்பு தொழிலுக்கு அதிகமாப் பயன்படலாம்.

இதே கணக்கை எக்செல்ல போட்டு, உங்க எண்களை மாத்திப் பார்க்கிற விதத்தை அடுத்த வீடியோவுல காட்டுறேன். அதுக்கு முன்னாடி ஒருதடவை கையால போட்டுப் பாருங்க, சரிங்களா?