கேட் தேர்வு: எக்ஸெல் அட்டவணையுடன் தொடங்குங்கள்

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர உதவும் கேட் தேர்வு, 2009 முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. சாஃப்ட்வேர் வேலை முடிந்து எனக்குக் கிடைப்பது தினமும் இரண்டு மணி நேரம். முழுத் தேர்வுக்கும் அவ்வளவுதான். மூன்று பிரிவுகள், தலா 40 நிமிடம்.

எனவே புத்தகம் வாங்கும் முன் மாதிரித் தேர்வு ஒன்றைக் கம்ப்யூட்டரில் முழுதாக எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பின்னர் எக்ஸெலில் பிரிவு, சரி, தவறு, விட்டது என அட்டவணை போடுங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா தவறினால் 1 குறையும். விடையை டைப் செய்யும் வினாவில் குறையாது.

‘தவறு’ அதிகமா? வேகத்தைக் குறையுங்கள். ‘விட்டது’ அதிகமா? அந்தப் பாடத்தை முதலில் படியுங்கள். உங்கள் இரண்டு மணி நேரம் வீணாகாது.