வீட்டுக்கு லிஃப்ட் வாங்குமுன் விட்டொழிக்க வேண்டிய நம்பிக்கைகள்

சொந்தக் காரைத் தாமே பிரித்துப் பார்க்கும் ஆர்வம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல ஆர்வம்தான். முன்பெல்லாம் அது ஒரு ஸ்பேனர் செட்டோடு நின்றுவிடும். இப்போது தனி வீடு உள்ளவர்கள் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது போன்ற லிஃப்ட்டையே போர்ட்டிகோவில் நிறுத்திவிட நினைக்கிறார்கள். கோவையிலேயே லிஃப்ட் தயாரிக்கிறார்கள். கேட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குவார்கள். ஆனால் எந்த லிஃப்ட், எந்தத் தரையில், எந்த உயரத்தில் என்ற கேள்விகளுக்கு நம்மிடம் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் காதுவழி வந்தவை. ஸ்பார்க் பிளக்கைப் பற்றித் தவறாகத் தெரிந்துகொண்டால் வண்டி இழுக்காது, அவ்வளவுதான். லிஃப்ட்டைப் பற்றித் தவறாகத் தெரிந்துகொண்டால் ஒன்றரை டன் இரும்பு நம்மேல் இறங்கும்.

“டிக்கியில் இருக்கும் ஜாக்கியும் ஒரு கல்லும் போதும்”

எல்லா நம்பிக்கைகளுக்கும் மூத்தது இது. வண்டியோடு தரப்படும் ஜாக்கி சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. அதன் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். இறுகிப்போன ஒரு நட்டைப் பலங்கொண்டு திருகினாலே பக்கவாட்டில் சாய்ந்துவிடக்கூடும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்று வண்டியின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

பாதுகாப்புக்குத்தான் ஒரு கல் வைக்கிறோமே என்பார்கள். ஹாலோ பிளாக் சுவரில் நன்றாகத் தாங்கும், ஏனென்றால் அங்கே பாரம் அதன் முழுப் பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரின் அடிவிளிம்போ அதே பாரத்தை ஒரு மெல்லிய கோட்டில் அழுத்துகிறது. இரும்பு வளையும், மரக்கட்டை நசுங்கும். இரண்டும் கண்ணுக்கோ காதுக்கோ ஏதாவது காட்டிக்கொடுக்கும். கல்லும் செங்கல்லும் எதையும் காட்டாமல் ஒரே நொடியில் உடைந்து நொறுங்கும். இந்தப் பழக்கம் இன்னும் நீடிப்பதற்குக் காரணம், பல முறை ஒன்றும் ஆகாமல் தப்பிவிடுவதுதான். ஒவ்வொரு தப்பித்தலையும் நாம் ஆதாரமாக எண்ணிக்கொள்கிறோம்.

இரும்பு ஸ்டாண்டு வாங்கினாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பல் வைத்த கம்பியைக் கொக்கி சரியாகப் பிடிக்காமல் ஸ்டாண்டு திடீரென இறங்கிவிடக்கூடும் என்று தெரிந்து, அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் 2020இல் சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மாற்றாகத் தந்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் குறை வெளிப்பட்டு, அவற்றையும் திரும்பக் கேட்டார்கள். ஆகவே குறுக்கே தடித்த பின் செருகிப் பூட்டும் ஸ்டாண்டே நல்லது. பாரத்தை அதன்மேல் இறக்கிய பிறகு, அடியில் போகுமுன், வெளியில் நின்றபடி வண்டியை இரு கையாலும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

“டன் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்”

கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி எத்தனை டன் என்பது. ஸ்விஃப்ட் போன்ற காரின் எடை ஏறக்குறைய 900 கிலோ. இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோ அளவில் இருக்கும். நான்கு டன் லிஃப்ட் இரண்டுக்கும் தாராளம். பிறகு ஏன் கார்கள் லிஃப்ட்டிலிருந்து சரிகின்றன? லிஃப்ட்டுக்குச் சக்தி இல்லாமல் அல்ல. பாரம் சரியான இடத்தில் உட்காராததால்தான்.

இரண்டு தூண் லிஃப்ட்டில் நான்கு கைகள் உண்டு. நான்கு டன் என்றால் ஒவ்வொரு கைக்கும் ஒரு டன் என்பதே கணக்கு. நான்கு டன்னையும் எந்த மூலையில் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று பொருள் அல்ல. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எடையின் பெரும்பங்கு முன்பக்கம் இருக்கிறது. அதைச் சமன்செய்து நிறுத்திவிட்டு, மேலே தூக்கிய நிலையில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கழற்றி இறக்கினால் சமநிலைப் புள்ளி பின்னால் நகர்ந்து, வண்டி பின்பக்கமாகத் தலைசாய்க்கும். எட்டு டன் லிஃப்ட் வாங்கினாலும் இது மாறாது. கழற்றுமுன் மறுமுனையில் உயரமான தாங்கு ஸ்டாண்டு வைப்பது ஒன்றே இதற்கு வழி. மின்சாரக் கார்களில் இன்னொரு கவலையும் சேர்கிறது. அடிப்பாகம் முழுவதும் பேட்டரி பரவியிருப்பதால், நிறுவனம் குறித்துக் கொடுத்த தூக்குமிடங்களைத் தவிர வேறெங்கும் கையை வைக்கக்கூடாது. நசுங்கிய பேட்டரி உறை என்பது ஒடுக்கு எடுத்துச் சரிசெய்யும் விஷயம் அல்ல.

“கான்கிரீட் தரைதானே, போல்ட் போட்டால் நிற்கும்”

மற்ற தவறுகளைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. லிஃப்ட்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் விசாரிக்கும் நாம், அது நிற்கப்போகும் தரையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

தூண் நேராக நிற்கிறது, பாரம் நேராகக் கீழே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தோன்றும். உண்மை அதுவல்ல. கார் தூணின் மேல் இல்லை. தூணிலிருந்து உள்பக்கம் நீளும் கைகளின்மேல் இருக்கிறது. 1,800 கிலோ காரில் ஒரு தூணுக்கு 900 கிலோ. அந்த 900 கிலோ தூணைவிட்டு முக்கால் மீட்டர் அளவுக்குத் தள்ளித் தொங்குகிறது. அதனால் தூண் எப்போதும் உள்நோக்கிச் சாயவே முயல்கிறது. வெளிப்பக்கத்து போல்ட்டுகளைத் தரையிலிருந்து மேல்நோக்கிப் பிடுங்கும் விசை ஒரு டன்னைச் சாதாரணமாகத் தாண்டும். தரை அந்தப் பிடுங்கலைத் தாங்க வேண்டும், மணிக்கணக்கில், நாம் அடியில் நிற்கும்போது.

நம் ஊர் வீடுகளின் போர்ட்டிகோவில் என்ன இருக்கிறது? பேஸ்மெண்ட் மட்டம் வரை நிரப்பிய மண். அதன்மேல் ஒன்றுக்கு நாலு எட்டு என்ற விகிதத்தில் 40 மில்லிமீட்டர் ஜல்லி போட்ட, கம்பி இல்லாத நாலு அங்குலக் கான்கிரீட். அதன்மேல் கலவை, அதன்மேல் டைல்ஸ். அந்த நாலு எட்டுக் கலவையின் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 7.5 நியூட்டன் அளவுதான். இரண்டு தூண் லிஃப்ட் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிமனும் 3,000 பிஎஸ்ஐ பலமும்; அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனுக்குச் சற்று மேலே. நம் தரை அதில் பாதிகூட இல்லை. போல்ட் அடிக்கும்போது டைல்ஸும் அதன் அடியில் உள்ள கலவையும் இரண்டு அங்குல ஆழத்தைத் தின்றுவிடும்; கான்கிரீட்டைப் பிடிப்பது போல்ட்டின் முனை மட்டுமே. டைல்ஸ் மினுமினுப்பாக இருப்பதால் தரையும் உறுதியானது என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது. முதல் பத்துத் தடவை லிஃப்ட் ஒழுங்காகவே ஏறி இறங்குவதால் பொருத்தியவரும் வாங்கியவரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைச் சுற்றியுள்ள துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது.

சரியான வழி செலவானது, ஆனால் சிக்கலானது அல்ல. தூண் நிற்குமிடத்தில் டைல்ஸையும் பழைய தளத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, மண்ணை நன்றாக இறுக்கி, கம்பி கட்டி, எம்25 கான்கிரீட் போட வேண்டும். இரண்டு தூணுக்கும் தனித்தனிக் குழியாக இல்லாமல் ஒரே பலகையாகப் போட்டால் இன்னும் நல்லது. அளவைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் தண்ணீர் கட்டியதும் தரை கல்லாகத் தெரியும். அப்போது வந்திருப்பது முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். மேஸ்திரி போதும் என்றாலும் லிஃப்ட்காரர் அவசரப்படுத்தினாலும் இந்த 28 நாளை விட்டுக்கொடுக்கக்கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பேஸ்மெண்ட்டுக்கு மேலுள்ள தளத்திலோ போடியத்திலோ துளையிடும் எண்ணமே வேண்டாம். அங்கே தளத்துக்குள் இழுத்துக் கட்டிய கேபிள்கள் இருக்கலாம். அதில் ஒன்றில் டிரில் பட்டால் சேதம் நம் கார் நிறுத்தும் இடத்தோடு நிற்காது.

“எண்ணெய் அழுத்தம்தான் தாங்குகிறது, இறங்காது”

ஹைட்ராலிக் என்பது தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு அல்ல. சிலிண்டரின் சீல் தேயும், ஓஸ் வெடிக்கும், வால்வில் ஒரு துளி அழுக்கு அடைத்தாலும் எண்ணெய் கசியும். அதனால்தான் தூணுக்குள் படிப்படியாக இரும்புப் பூட்டு வைத்திருக்கிறார்கள். மேலே ஏறும்போது இரு பக்கமும் டக், டக் என்று கேட்பது அந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் தாண்டும் ஒலி. வேண்டிய உயரம் வந்ததும் பொத்தானை விட்டுவிட்டு அப்படியே அடியில் போவது நம் வழக்கம். அப்போது பூட்டு இன்னும் பாரத்தை ஏற்கவில்லை. லிவரை அழுத்திச் சற்றே இறக்கி, இரண்டு தூணிலும் பூட்டின்மேல் வண்டி உட்கார்ந்த பிறகே அடியில் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் வைக்கும் கேபிளைச் சரிபார்க்கும் வரை லிஃப்ட்டைத் தொடக்கூடாது. பழைய லிஃப்ட் வாங்குபவர்கள் பெயிண்ட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கேபிளில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியிழைகளையும், பூட்டின் பல் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்பதையும்தான்.

“பத்தடி உயரம் இருக்கிறது, எது வேண்டுமானாலும் போடலாம்”

பத்தடி என்பது 3.05 மீட்டர். ஸ்விஃப்ட்டின் உயரமே 1.53 மீட்டர். மிச்சத்தில் மின்விசிறியும் பீமும் போக, கார் ஒன்றரை மீட்டர்கூட ஏறாது. அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது, முக்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். மேலே குறுக்குச் சட்டம் உள்ள இரண்டு தூண் லிஃப்ட்டுக்குப் பொதுவாக மூன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும். ரோலிங் ஷட்டரின் உருளையையும் சேர்த்து அளக்க மறக்கக்கூடாது.

“நான்கு தூண் என்றால் எல்லா வேலைக்கும் ஆகும்”

நான்கு தூண் லிஃப்ட்டில் கார் தன் சக்கரங்களின்மேலேயே நிற்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கார் நிறுத்தவும் எண்ணெய் மாற்றவும் சைலன்சர் பார்க்கவும் அருமையானது. பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்குச் சக்கரம் அந்தரத்தில் தொங்க வேண்டும். அதற்கு, சக்கரங்கள் நிற்கும் இரு தண்டவாளங்களுக்கு இடையே ஓடும் தனி ஜாக்கி வாங்கியாக வேண்டும். விலை சொல்லும்போது அதைச் சொல்வதில்லை. பாதி உயரக் கத்திரி லிஃப்ட் இதற்கு நேர்மாறானது. சுமார் நாலு அடி தூக்கும், சக்கரத்தைச் சுற்றிய வேலையெல்லாம் சுகமாக நடக்கும், தரையில் போல்ட் வேண்டாத வகைகளும் உண்டு. ஆனால் காரின் நடு அடிப்பாகத்தை அதுவே மறைத்துவிடும். கியர் பாக்ஸை அதில் வைத்து இறக்க முடியாது.

“பள்ளம் வெட்டிவிட்டால் லிஃப்ட்டே தேவையில்லை”

பழைய பஸ் டிப்போக்களைப் பார்த்து வந்த யோசனை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எல்பிஜியும் அப்படியே. எங்கே கசிந்தாலும் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே ஒரு சாதாரணக் கை விளக்கு உடைந்தால் போதும், தீப்பிடிக்கும். மேலே ஏறி ஓட ஒரே ஒரு படிதான் இருக்கும். டிப்போக்களில் காற்றோட்டமும் பாதுகாப்பான விளக்கும் அமைக்க முடிகிறது. வீட்டில் நாம் அதையெல்லாம் செய்வதில்லை. ஐப்பசி மழைக்குச் சென்னையிலும் கடலூரிலும் அந்தப் பள்ளம் கிணறாகிவிடும் என்பது வேறு கதை.

“ஸ்டிக்கர் இருக்கிறது, அதனால் தரம் உறுதி”

லிஃப்ட்டுகளுக்கென்றே தரநிலைகள் உண்டு. ஐரோப்பாவில் இஎன் 1493. அமெரிக்காவில் 1945 முதல் இயங்கும் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட் சான்று வழங்குகிறது. அச்சிட்ட ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பட்டியலைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நிறைவாக, லிஃப்ட் இல்லாமல் வீட்டில் ஒரு வேலையும் ஆகாது என்ற எண்ணமும் தவறு. எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் போடுவது, ஷாக் அப்சார்பர் மாற்றுவது ஆகியவற்றுக்கு நல்ல டிராலி ஜாக்கி ஒன்று, பின் பூட்டுள்ள ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டைகள் இரண்டு, சமமான கெட்டித் தரை ஆகியவை போதும். வருடத்துக்கு ஒருமுறை கிளட்ச்சோ கியர் பாக்ஸோ இறக்க வேண்டி வந்தால், தரையை ஒழுங்காகப் போட்டு லிஃப்ட் நிறுத்தியிருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோய்விடலாம்.