பயத்தை யாரிடம் சொல்கிறோம்?

இந்த மாதப் பாடம் பயத்தைப் பற்றியது.

சின்ன வயசுல நாம எதுக்கெல்லாம் பயந்தோம்? இருட்டு, இடி, பக்கத்து வீட்டு நாய், பூச்சாண்டி. எனக்கு, தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டின் பின்பக்கம். கழிவறை வெளியே இருந்தது. ராத்திரி அங்கே போகணும்னா அழுகைதான். பாட்டி நெற்றியில் திருநீறு பூசி, டார்ச்லைட்டை என் கையில் கொடுத்து, கூடவே வருவார். கொஞ்ச நாளில் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அப்புறம் நானே தனியாகப் போய்வந்தேன்.

இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இருட்டு பயமில்லை. ஆனால் சி.ஜி.பி.ஏ. இறங்கிடுமோ, படிச்ச துறையில் வேலை கிடைக்குமா, பி.டி.பி.டி.என். கடனை எப்படிக் கட்டுவது, அம்மா அப்பா மனசு உடைஞ்சிடுமோ என்று வேறு பயங்கள். உங்களுக்கும் இருக்கும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? குழந்தையின் பயம் வெளியே இருக்கும் ஒன்றைப் பற்றியது. வெளிச்சம் அடித்தால் உண்மை தெரிந்துவிடும். நம்முடைய பயமோ இன்னும் நடக்காத விளைவைப் பற்றியது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. குழந்தை பயந்தால் கத்தும். வீடே ஓடி வரும். நாம் பயந்தால் "ஓகேதான்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறோம். என் அறைத்தோழன் ஒருவன் இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறாததை ஒரு செமஸ்டர் முழுக்க வீட்டில் சொல்லவில்லை. சாப்பாடு குறைஞ்சது, தூக்கம் போச்சு. கடைசியில் சொன்னபோது அவன் அப்பா கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாளா ஏன்டா தனியா வச்சிருந்த?"

இப்போது பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அர்ஜுனன் சிறு பிள்ளை இல்லை, பெரிய வில்லாளி. இரு படைகளுக்கும் நடுவில் நின்று, எதிரே பீஷ்மரையும் துரோணரையும் பார்த்ததும் அவன் உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீபம் நழுவுகிறது. அது சாவு பயம் இல்லை. இதைச் செய்தால் பாவம் வருமா, குலம் என்னாகும் என்ற கலக்கம். நம்மைப் போலவே, விளைவைப் பற்றியது.

அவன் என்ன செய்தான்? மறைக்கவில்லை. தன் உடலில் நடப்பதைக்கூட ஒவ்வொன்றாகக் கண்ணனிடம் சொன்னான். இரண்டாம் அத்தியாயம் 7-ஆம் சுலோகத்தில், குழம்பிவிட்டேன், நான் உங்கள் சீடன், வழி சொல்லுங்கள் என்று கேட்டான். முதல் அத்தியாயத்தில் கண்ணன் பேசுவது ஒரே ஒரு சுலோகத்தில்தான். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு கண்டிக்கிறார், போதிக்கிறார். ஆனால் வில்லை அவர் எடுக்கவில்லை. தேரைத்தான் ஓட்டினார். போரிட்டது அர்ஜுனன்.

அப்படியானால் பயமே தப்பா? இல்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது அறியாமை என்கிறார் வள்ளுவர், அறிவுடைமை அதிகாரத்தில். வீட்டில் இருக்கும் ஈ.எல்.சி.பி.யை நினைச்சுப் பாருங்க. எங்கேயோ மின்கசிவு இருந்தால் 'டிரிப்' ஆகும். அதற்காக யாரும் அதைக் கழற்றி எறிவதில்லை; இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் இல்லை. எல்லா சுவிட்சையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, எது பழுது என்று கண்டுபிடிக்கிறோம். பயத்தையும் அப்படித்தான் பார்க்கணும்.

இந்த மாதம் மூன்று காரியம் செய்வோம்:

1. பயங்களைத் தனித்தனியாக எழுதுங்கள். 'எல்லாமே பயமா இருக்கு' என்று மொத்தமாக எழுதாதீர்கள்.

2. அதில் ஒன்றையாவது நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் பல நாளாகக் கெட்டிருந்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

3. உங்களிடம் யாராவது வந்து சொன்னால், உடனே அறிவுரை சொல்லாதீர்கள். முதலில் முழுசாகக் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச ஒரு கேள்வி: கண்ணனைப் போல் கேட்கக்கூடிய ஒருவர் உங்களுக்கு யார்? நீங்கள் யாருக்கு அப்படி இருக்கிறீர்கள்?